பெரிய வெள்ளியன்று எறியப்பட்ட பன்றி

எழுதத் துணிந்தமைக்கு முதற்கண் மன்னிப்புக் கோருகிறேன். மடத்துப் பள்ளியில் இலக்கணம் பயின்றவனே ஆயினும், மொந்தரேல் நகரமன்றத்தின் கடிதங்களைத் தவிர வேறெதையும் நான் எழுதியதில்லை. ஆயரின் விசாரணையாளராகிய தாங்கள் அந்தப் பன்றியைப் பற்றி எழுதுமாறு பணித்ததால் மட்டுமே எழுதுகிறேன்.

நல்ல பன்றி. அதன்மீது எனக்கு எக்குறையும் இல்லை.

வடக்கத்திப் படை எங்கள் மதிலைச் சூழ்ந்து ஐந்து மாதங்கள் ஆகியிருந்தன. உள்ளே இருபது மூட்டைக் கோதுமையே எஞ்சியிருந்தது. எங்களிடம் உணவு குவிந்து கிடப்பதாக நம்பினால் பகைவர் சலித்துப் புறப்பட்டுவிடுவார்கள் என்று மன்றத்தில் பணிவுடன் எடுத்துரைத்தேன். கடைசிப் பன்றிக்கு மூன்று வாரம் கோதுமை ஊட்டிக் கொழுக்க வைத்து, கல்லெறியும் பொறியில் ஏற்றி, அவர்கள் பாசறை நடுவே எறிய வேண்டும். வயிற்றைக் கிழித்தால் உள்ளே கோதுமை இருக்கும். பன்றிக்கே கோதுமை போடும் ஊரை எவன் பட்டினி போடுவான்? பெரிய வெள்ளியைத் தேர்ந்தவனும் நானே. தவக்காலத்தில் கிறிஸ்தவன் எவனும் இறைச்சியைத் தொடமாட்டான். ஆதலால் பன்றி அவர்களுக்கு விருந்தாகாது, செய்தியாகவே போய்ச் சேரும். இந்த நுட்பத்தை மன்றத்தார் வெகுவாகப் பாராட்டினார்கள்.

பன்றி உண்ண வேண்டுமெனில் வேறு சிலர் உண்ணாதிருக்க வேண்டும். எனவே, போரிட இயலாதவர்களென மதிலுக்கு வெளியே அனுப்ப வேண்டிய ஐம்பத்து மூவரின் பெயர்களை என்னால் இயன்ற அழகிய கையெழுத்தில் பட்டியலிட்டேன். முதியோர், நோயாளிகள், சில குழந்தைகள், கால் ஊனமான என் தங்கை அலசாயிஸ். அவளை விலக்கியிருந்தால் பாரபட்சம் என்றிருப்பார்கள்.

“நான் ஒரு நாளைக்கு ஒரு கைப்பிடிதானே அண்ணா திங்கிறேன்? அதையும் நூல் நூத்துக் கழிச்சிடறேனே,” என்றாள் வாயிலில்.

“எல்லாம் ஊருக்காகத்தான்மா. அவங்க வழி விட்டுடுவாங்க, நீ பயப்படாத.”

வாயிற்காவலன் பொன்ஸ் தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டே, “பன்னிக்குக் கோதுமை, கூடப் பொறந்தவளுக்குக் கதவடைப்பு. படிச்சவங்க படிச்சவங்கதான், எழுத்தரய்யா,” என்றான். எழுதப் படிக்கத் தெரியாதவன் பேச்சை நான் பொருட்படுத்துவதில்லை.

பகைவர் வழி விடவில்லை. நாங்களும் கதவைத் திறக்கவில்லை. ஆகவே அந்த ஐம்பத்து மூவரும் மதிலடிப் பள்ளத்திலேயே தங்கினர். புல்லையும் மழைநீரையும் உண்டனர். முதல் வாரம் எங்கள் பெயர்களைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். பிறகு அமைதியாயினர். அந்த நாகரிகத்துக்கு நன்றியுடையேன்.

பெரிய வெள்ளி காலையில், பகைவர் கூடாரங்களைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள்.

“தானா போறவனை எதுக்குங்க கூப்பிடறீங்க? பேசாம இருங்க,” என்றான் பொன்ஸ்.

மூன்று வார உழைப்பை வீணாக்க எனக்கு மனம் வரவில்லை. பொறியின் கயிற்றை அவிழ்க்கச் சொன்னேன்.

பன்றி மிகையாகக் கொழுத்திருந்தது. பாசறைவரை பறக்கவில்லை. மதிலைத் தாண்டி நேரே அந்தப் பள்ளத்தில் விழுந்தது.

அதன் பின் நடந்ததை எழுத நாணுகிறேன். உயிரோடிருந்தவர்கள் அதைப் பச்சையாகத் தின்றார்கள். அதுவும் ஆண்டவர் இறந்த நாளில். ‘இன்று நோன்பு’ என்று மதில்மேல் நின்று நினைவூட்டினேன். எவரும் நிமிரவில்லை. அலசாயிஸ் குடலைப் பிரித்து, கோதுமையை மணி மணியாகப் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

பகைவர் முழுவதையும் பார்த்துக்கொண்டிருந்தனர். பிறகு ஒரு வீரன் எங்களை நோக்கிக் கூவினான்: “யோவ், இன்னொண்ணு இருந்தாப் போடுங்கய்யா! உங்க ஆளுங்களுக்கே பத்தலை!”

பிரித்த கூடாரங்களை மறுபடி அடித்தார்கள். பன்னிரண்டாம் நாள் மதிலைப் பிளந்து உள்ளே வந்தார்கள். எழுதத் தெரிந்தவன் என்பதால் என்னை மட்டும் விட்டுவைத்தனர்.

என் பிழையை மறைக்க விரும்பவில்லை. பன்றியின் எடையை நான் குறைவாக மதிப்பிட்டுவிட்டேன். மற்றபடி திட்டத்தில் குறையில்லை. பள்ளத்தில் இருந்தவர்கள் ஒரு நாள் நோன்பு காத்திருந்தால் போதுமாயிருந்திருக்கும்.

தாங்கள் கேட்ட இழப்பு விவரம்: பன்றி ஒன்று. கோதுமை மூன்று மூட்டை. மதிலுக்குள் நானூற்றுப் பதினோரு பேர். மதிலுக்கு வெளியே ஐம்பத்து மூன்று பேர். அலசாயிஸ் அந்த ஐம்பத்து மூவரில் அடங்குவாள். எண்ணிக்கை பிழைபடக் கூடாதென்று அவளைத் தனியே எழுதவில்லை.