கொட்டிய பால்

— கிட்ட வா. அவன் ஒண்ணும் கடிச்சிட மாட்டான். பல்லே முளைக்கலை.

— பயம் அவனால இல்லை அக்கா, என் மூச்சால.

— ரெண்டு தடவை டெஸ்ட் எடுத்து, வைரஸ் போயிடுச்சுன்னு பார்த்துதானே உன்னை வீட்டுக்கு அனுப்பினாங்க?

— அனுப்பினாங்க. ஆனா நீங்க இன்னும் மாஸ்க்கோடதானே நிக்கிறீங்க.

— அது ஒரு பழக்கம். பேச்சை மாத்தாதே. உக்காரு, முதுகுக்குத் தலையணை வச்சுக்கோ. இந்தா, உன் சொத்து.

— எவ்வளவு சின்னக் காது! இவன் பிறந்தப்போ எனக்கு நினைவே இல்லை அக்கா. காய்ச்சலோட போனேன், மூச்சு வாங்கிச்சு, தொண்டைக்குள்ள குழாய் விடப் போறோம்னாங்க. கண் முழிச்சா வயிறு தட்டையா இருக்கு. விருந்தாளி வந்தது தெரியாம தூங்கிட்ட மாதிரி.

— எனக்கு எல்லாம் நினைவிருக்கு. நீ மூச்சுக்குத் தவிச்சதுல உள்ள இவனுக்கும் காத்து பத்தலைன்னாங்க. ரெண்டு மாசம் முன்னாடியே வெளிய எடுத்துட்டாங்க. கண்ணாடிப் பெட்டிக்குள்ள ஒரு கையளவு. என் கொழுந்தன், அதான் உன் வீட்டுக்காரன், எட்டிப் பார்த்துட்டு மயங்கி விழுந்தான். அவனுக்கு ஒரு கட்டில் தேட வேண்டியதாப் போச்சு.

— சிரிக்க வைக்காதீங்க, இருமல் வருது.

— அந்தப் பக்கம் திரும்பி இருமு... சரி, இப்போ பிள்ளையைத் திருப்பு. தலையை மட்டும் இல்லை, உடம்போட. பஸ்ஸைத் திருப்பும்போது பின்பக்கத்தை மறந்தா எவனையாவது இடிச்சிடும்.

— இவனுக்கும் பஸ் பாடமா?

— தினம் பஸ் ஓட்டி ஸ்டியரிங் பிடிச்ச கை. வேற என்ன வரும்?

— அழறான் அக்கா. முகத்தைத் திருப்பிக்கிறான். உங்களைத் தேடுறான்.

— பெட்டியை விட்டு வந்ததுல இருந்து என்கிட்டதானே குடிச்சான். வாசனை பழகிடுச்சு.

— வேண்டாம். நீங்களே வாங்கிக்கோங்க.

— வாங்கிக்க மாட்டேன். குழாயை எடுத்த அன்னைக்கே பால் கறக்கிற மிஷின் கேட்டு நர்ஸுங்க உயிரை வாங்கினவ நீ.

— மருந்து நிக்கிற வரைக்கும் பிள்ளைக்குக் குடுக்காதேன்னாங்க. வத்திடக் கூடாதேன்னு கறந்து கறந்து சிங்க்ல கொட்டினேன். கொட்டும்போதெல்லாம் அழுவேன். எனக்குக் கிறுக்குப் பிடிச்சிருச்சுன்னு பக்கத்துக் கட்டில்காரம்மா டாக்டர்கிட்டயே சொல்லிட்டாங்க.

— மருந்துதான் இப்போ நின்னாச்சே. அந்தக் கிறுக்கை இப்போ காட்டு. நீச்சல் சொல்லிக் குடுக்கக் குளத்துல பிள்ளைங்களை இறக்குவியே, ஒண்ணு அழுதா உடனே மேல தூக்கிடுவியா?

— மாட்டேன். நெஞ்சோட சேர்த்துப் பிடிச்சுப்பேன். என் மூச்சைக் கேட்டு, அதுவும் அதே மாதிரி விடுற வரைக்கும்.

— அதையே பண்ணு.

— என் மூச்சு இப்போ பாதிதான் இருக்கு.

— அவனுக்குப் பாதியே ஏகப்பட்டது.

— சரி, நெஞ்சோட சேர்த்துக்கிறேன். வாடா, அம்மா மூச்சைக் கேளு.

— பார்த்தியா. அடங்கிட்டான்.

— ஐயோ அக்கா! பிடிச்சுட்டான்! இழுக்கிறான்!

— முழுங்குறானா?

— நீங்களே கேளுங்க. க்ளக், க்ளக்னு!

— கேக்குது! தெருமுனை வரைக்கும் கேக்கும்! அடி ராட்சசி, செத்துப் பொழைச்சு வந்து ஜெயிச்சுட்டியே!

— நீங்க ஏன் அழறீங்க?

— யாரு அழுதா? மாஸ்க் உறுத்துது.

— அக்கா, உள்ரூம்ல உங்க பொண்ணு அழறா.

— தெரியும். நீ வரேன்னுதான், தொத்திக்குமோன்னு உள்ள படுக்க வச்சுக் கதவைச் சாத்தினேன். தப்பா நினைக்காதே. போய்ப் புட்டிப் பால் கலக்கணும்.

— புட்டியா? ஏன்?

— என் பால் ரெண்டு பேருக்கு வரலை. இவன் குறைமாசத்துப் பிள்ளை, தாங்க மாட்டான்னு முதல்ல இவனுக்கு. மிச்சம் இருந்தா அவளுக்கு. மகாராணி புட்டியைக் கண்டாலே துப்புறா, எடையே ஏறலை. விடு, தேறிடுவா.

— எனக்கு யாருமே சொல்லலையே!

— சொன்னா நீ மருந்தையும் சேர்த்து சிங்க்ல கொட்டிட்டு ஓடி வந்திருப்பே.

— அக்கா, இந்தப் பக்கம் பாருங்க. சட்டையெல்லாம் நனைஞ்சு முழங்கால்ல சொட்டுது. இவன் ஒரு பக்கத்துலயே நிறைஞ்சு தூங்கப் போறான்.

— இரு, துணி எடுத்துட்டு வரேன்.

— துணி வேண்டாம். கொட்டினதெல்லாம் போதும். அந்தக் கதவைத் திறந்து அவளை என் மடியில கொண்டாந்து போடுறீங்களா, அக்கா?