கையைத் தூக்கியவன்

படத்தை நிறுத்துங்கள்... ம். ஜாம்பியின் மண்டை உடைகிற சத்தத்துக்கு நடுவே இதைச் சொல்ல முடியாது. விளக்கு வேண்டாம், அணைந்தே இருக்கட்டும். டேய் வாத்து, நீயும் வாயை மூடிக்கொண்டு கேள். சாயங்காலத்திலிருந்து உன் பீற்றல் தாங்க முடியவில்லை.

நேற்று இரவு பதினொன்றரை மணி. ஊரைத் தாண்டிய புறவழிச்சாலை. ஒரு லாரிகூட இல்லை. பழைய ஃபர்னிச்சர் கடை வாசலில் ஒரே ஒரு பைக்... அதன் பக்கத்தில் நின்றவன் நம் பேக்கரிக்காரன். அவன் ஏன் இன்றைக்கு வரவில்லை என்று கேட்டீர்களே, இதனால்தான். சைலன்சரைத் தொட்டுப் பார்த்தான். சில்லென்று இருந்தது. பைக் அவன் அக்கா புருஷனுடையது.

அவரை எல்லாரும் நெட்டை என்றுதான் கூப்பிடுவார்கள். குனியாமல் எந்த வாசலிலும் நுழைய முடியாது. கிடங்கு வேலை போனதும் ஜாம்பி வேலைக்குச் சேர்ந்தார். சிரிக்காதே... வீட்டில் உலை கொதிக்க வேண்டாமா? அந்தக் கடையைத்தான் இப்போது ஜாம்பி விளையாட்டாக மாற்றி வைத்திருக்கிறார்கள். டிக்கெட் வாங்கினால் கையில் ஒரு பஞ்சு மட்டை கொடுப்பார்கள். உள்ளே இருட்டு. பீரோக்களுக்கு நடுவிலிருந்து ஜாம்பிகள் வரும். அடிக்க வேண்டியதுதான்.

முகமெல்லாம் பசை நாற்றம். உடம்பெல்லாம் ரத்தம். ரத்தம் என்றால் சர்க்கரைப் பாகும் சிவப்புச் சாயமும். ஆட்டம் முடிந்து உட்கார்ந்தால் எறும்பு மொய்த்துவிடும். நெட்டை வீட்டுக்கு வந்ததும் அக்கா முதலில் அவர் சட்டைக் காலரைத்தான் உதறுவாள்.

அங்கே ஒரு விதி உண்டு. ஜாம்பி பேசக் கூடாது. நிஜமாகவே அடிபட்டுவிட்டால் இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்க வேண்டும். தூக்கினால் அடிப்பவன் நிறுத்திவிட வேண்டும். வாசலிலேயே எல்லாருக்கும் சொல்லித்தான் உள்ளே விடுவார்கள்.

போன மாதம் ஒருவன் தூக்கினான். பகலில் எலக்ட்ரீஷியன், ராத்திரியில் ஜாம்பி. அன்றைக்கு வந்த கும்பலில் எவனோ ஒருவன் ஒளித்துக் கொண்டுவந்த இரும்புக் குழாயை மட்டையின் பஞ்சுக்குள் செருகியிருந்தான்... எலக்ட்ரீஷியன் முட்டி போட்டு, இரண்டு கையையும் தூக்கினான்.

"டேய், சரண்டர் ஆகுதுடா!"

சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே மறுபடியும் அடித்தார்கள். அவன் தன் காலாலேயே நடந்து வீட்டுக்குப் போனான். ஊமைக்காயம். காலையில் எழுந்திருக்கவில்லை.

"வீட்ல போய் செத்ததுக்கு நாம என்னப்பா பண்றது?" என்றார் மேனேஜர். அன்று சாயங்காலமே கடை திறந்துவிட்டது.

ஒரு வாரம் போயிருக்கும். கடைசி ஆட்டம் முடிந்து எல்லாரும் வெளியே போய்விட்டார்கள். நெட்டை மட்டும் உள்ளே. கோடி வரிசையில், கண்ணாடி பதித்த பீரோவுக்கு முன்னால், ஒருவன் முட்டி போட்டுக்கொண்டிருந்தான். இரண்டு கையும் மேலே.

"யாருப்பா, புதுசா? கைய இறக்கு. எல்லாரும் போயிட்டாங்க."

கை இறங்கவில்லை. பாகு வாசனையும் இல்லை... துருப்பிடித்த இரும்பின் வாடை. தரையில் எறும்பு வரிசை ஒன்று நேராக அவனை நோக்கிப் போய், அவனைத் தொடாமல் பிரிந்து, சுற்றிக்கொண்டு போனது. நெட்டை கண்ணில் வழிந்த சாயத்தைத் துடைத்துவிட்டுப் பார்த்தார். பீரோ மட்டும் இருந்தது.

ஆனால் அவனைப் பார்த்தது அவர் மட்டும் இல்லை. ஆட்டத்துக்கு வந்தவர்கள் எல்லாருக்கும் அதே பேச்சு. அந்தக் கை தூக்குகிற ஜாம்பி பிரமாதம், அவனை அடிப்பதில்தான் சுகம். மேனேஜர் சும்மா இருப்பாரா?

"இனிமே எல்லாரும் கைய தூக்குங்க. ஜனங்களுக்கு அதுதான் பிடிக்குது."

"அப்ப நிஜமாவே அடிபட்டா என்னத்த சார் தூக்கறது?" என்று நெட்டை கேட்டார்.

"காலைத் தூக்கு."

மேனேஜர் சொன்னதற்கு நாலு பேர் சிரித்தார்களாம்.

நெட்டை பேக்கரிக்கு வந்து, தேநீரைக்கூடக் குடிக்காமல் சொன்னார்: "சனிக்கிழமையோட நின்னுடறேன் மச்சான். உங்க அக்காகிட்ட எதுவும் சொல்லாத, பயந்துடுவா."

நேற்றுதான் சனிக்கிழமை.

மாமா வீடு திரும்பாததால் தேடிப் போன பேக்கரிக்காரன் ஷட்டரில் காது வைத்துக் கேட்டான். உள்ளே... தப். தப். ஈரத் துணியைக் கல்லில் அடிக்கிற மாதிரி.

"மாமா!" என்று கத்தினான். சத்தம் நின்றது. மூச்சு விடுகிற நேரம்... தப்.

வாட்ச்மேனை எழுப்பி ஷட்டரைத் தூக்க வைத்தான். டார்ச் அடித்துப் பார்த்தார்கள். ஒருவரும் இல்லை. தரையெல்லாம் பாகு, பாகெல்லாம் எறும்பு. கோடி வரிசைக் கண்ணாடியில் இரண்டு உள்ளங்கைத் தடம், மேலிருந்து கீழே முட்டி உயரம்வரை வழுக்கி இறங்கியிருந்தது. அது ஆரம்பித்த உயரம் வேறு யாருக்கும் எட்டாது. அந்தச் சிவப்பில் மட்டும் ஓர் எறும்புகூட இல்லை.

நெட்டை இன்னும் வீட்டுக்கு வரவில்லை. அக்கா வாசலிலேயே உட்கார்ந்திருக்கிறாள்.

இப்போது சொல்லுங்கள். இந்தப் படங்களில் உங்களுக்கு அப்படி என்ன இன்பம்? பயமா? பொய். வாத்து சாயங்காலம் உண்மையைச் சொல்லிவிட்டான். "பாக்க மனுஷன் மாதிரியே இருக்கும்டா. ஆனா அடிச்சா பாவமும் இல்ல, கேஸும் இல்ல." அவ்வளவுதான் விஷயம். பக்கத்து வீட்டுக்காரனையும் மேலதிகாரியையும் அடிக்கக் கை துறுதுறுக்கிறது, அனுமதிதான் இல்லை. ஜாம்பி என்று பேர் வைத்துவிட்டால் அனுமதி வந்துவிடுகிறது. செத்த பாம்பை அடிக்கிற வீரம். அது செத்ததுதான் என்று உனக்கு யார் சொன்னது? டிக்கெட்டில் போட்டிருந்ததா?

வாத்து, நேற்றுக் கடைசி ஆட்டத்துக்குப் போனவன் நீ. ஒருத்தனைப் பிரித்து மேய்ந்துவிட்டேன் என்று, அந்தக் கறைச் சட்டையைத் துவைக்காமல் கொண்டுவந்து நாற்காலியில் மாட்டி எங்களுக்கெல்லாம் காட்டினாயே. ஒன்றே ஒன்று கேட்கிறேன். அவன் உயரமானவனா?

"...தெரியலடா."

ஏன் தெரியவில்லை?

"முட்டி போட்டிருந்தான்... எல்லாருந்தானடா கைய தூக்குனாங்க. எனக்கு எப்படித் தெரியும்?"

சரி. இப்போது யாராவது விளக்கைப் போடுங்கள். சாயங்காலம் தரையில் ஜூஸ் கொட்டியதே, அங்கிருந்து எறும்பு வரிசை கிளம்பியிருக்கிறது, பாருங்கள். நாற்காலிக் காலில் ஏறிவிட்டது... முதுகுக்கு வந்துவிட்டது... சட்டைக்கு ஒரு விரற்கடை முன்னால் பிரிந்து, சுற்றிக்கொண்டு போகிறது.