உனக்கும் சேர்த்து ஜெபம்

பெரிய வெள்ளியன்று மத்தியானம், ஸ்ரீரங்கத்திலிருந்து கே.கே. நகர் போகும் பஸ்ஸில், வீட்டு வேலைக்குப் போகும் இரண்டு பெண்கள் எனக்கு முன்சீட்டில் உட்கார்ந்திருந்தார்கள்.

"எனக்கும் சேர்த்து அவங்களே ஜெபம் பண்ணிக்கிறாங்களாம்க்கா," என்றாள் இளையவள்.

"யாருடி?"

"எங்க வீட்டம்மாதான். சிலுவைப் பாதை ஜெபத்துக்குப் போகணும், இன்னைக்கு மட்டும் லீவு குடுங்கன்னு கேட்டேன். மாதா கோயில்ல ஏழைங்களுக்குக் கஞ்சி ஊத்தறோம், நீ வந்து காய்ச்சு, உனக்கும் சேர்த்து நான் ஜெபிக்கிறேன்னுட்டாங்க."

"ரொம்ப பக்தியானவங்கன்னு சொல்லுவியே?"

"ஆமாக்கா. தவக்காலம் பூரா ஒருவேளைச் சாப்பாடுதான். எனக்குத்தான் ஞாயித்துக்கிழமைகூட லீவில்ல."

பாலக்கரை தாண்டும்போது அவள் போன் அடித்தது. "வீட்டம்மாதான்," என்றுவிட்டு எடுத்தாள்.

"அம்மா, இன்னைக்கு நான் வரலைங்க. கோயிலுக்குப் போறேன்."

எதிர்முனையின் கோபம் எனக்கே கேட்டது.

"சரிங்கம்மா, வேற ஆள் பாத்துக்கங்க," என்று வைத்துவிட்டாள்.

"இருந்த வேலையையும் விட்டுட்டியேடி," என்றாள் மூத்தவள். "அப்படி என்னதான் ஜெபம் பண்ணப் போற?"

இளையவள் இறங்குவதற்காக எழுந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"தெரியலக்கா. மொதல்ல கொஞ்ச நேரம் சும்மா உக்காரணும்."