வலது காலால் வந்த வம்பு

நான் ஐந்தாவது வரைதான் படித்தேன். எழுத்துக் கோணலாக இருக்கும், பாதி மறந்தும் போகும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

சேலத்தில் நாமக்கல் பஸ் ஏறினேன். முன் சீட்டில் ஒரு அம்மா பக்கத்திலிருந்தவரிடம், "உங்களாலதானுங்க மாஸ்டர், எங்க கும்மி அம்மனை இடப்பக்கமாச் சுத்துது" என்றார். அந்த மாஸ்டர் கோயில் மேடைகளில் ஆடி, பிறகு சினிமாவில் டான்ஸ் மாஸ்டர் ஆனவராம். எருமப்பட்டிப் பக்கம் மறுநாள் கும்மி அரங்கேற்றம். ஆட்டத்தை வீடியோவில் ஆடிக் காட்டி அனுப்பியிருக்கிறார்.

"நான் எதிர்த்தாப்புல நின்னு ஆடறேன். கண்ணாடியாட்டம், நான் வலது காலை வெச்சா நீங்க இடது காலை வெக்கோணும். சினிமாவுல அப்படித்தானுங்க சொல்லிக் குடுப்போம்."

"அதெங்களுக்கு எப்படித் தெரியும்? வலது கால்தானேன்னு சந்தோசமா வெச்சுப் பழகிட்டோம். இப்படிச் சுத்துனா ஊர்ப் பெரியவங்க ஆட உட மாட்டேங்கறாங்க."

"காலை மாத்த வேண்டாமுங்க. அம்மனைப் பாத்து நிக்காம வெளிய பாத்து நில்லுங்க. அதே காலு வலமாச் சுத்தும்."

"அம்மனுக்கு முதுகைக் காட்டச் சொல்றீங்களா?"

"சனங்களுக்கு மூஞ்சியக் காட்டச் சொல்றேனுங்க."

ராசிபுரம் வந்ததும் அந்த அம்மா யாருக்கோ போன் போட்டார். "ஏனுங்க்கா, நாளைக்கு எல்லாரையும் கொண்டைக்கு நெறையப் பூ வெச்சுக்கச் சொல்லுங்க. அம்மன் பின்பக்கத்தைத்தான் பாக்கப் போகுது."

நான் அங்கேயே இறங்கிவிட்டேன். ஊர்ப்பெயரை நான் தப்பாகவும் கேட்டிருக்கலாம். அந்தப் பக்கத்துக்காரர் யாராவது, அவர்களை ஆட விட்டார்களா என்று விசாரித்துச் சரிபார்த்துச் சொல்லுங்கள்.