இடப்பக்கத்து மான்கள்

நாத்தனார்: உங்க மான் கணக்கு நோட்டைப் பாருங்க அண்ணி. காலைல வடக்கே பார்த்து நடக்கறீங்க, மேற்குப் பக்கம் மான் ரொம்பக் கம்மி. சாயங்காலம் அதே பாதையில தெற்கே பார்த்துத் திரும்பி வர்றீங்க. இப்ப கிழக்குப் பக்கம் கம்மி.

அண்ணி: அதுக்கு நான் என்ன பண்ண? மானைக் கேளு.

நாத்தனார்: மான் நோட்டு எழுதறதில்லையே அண்ணி. எழுதினவங்களைத்தான் கேக்கணும்.

அண்ணி: வெயில்டி. காலைல கிழக்கே வெயில், சாயங்காலம் மேற்கே வெயில். குளிருக்கு அதுங்க வெயில் காய வருதுங்க. இது தெரியாம நீ என்ன கணக்குப் படிச்ச?

நாத்தனார்: நானும் முதல்ல அப்படித்தான் நெனச்சேன். நிம்மதியா ஒரு டீ கூடக் குடிச்சேன். அப்புறம் மூட்டமா இருந்த நாளையெல்லாம் தனியா எடுத்துப் பார்த்தேன். வெயிலே இல்லாத நாள். அன்னிக்கும் இதே கதைதான். மூணாவது பாதையில காலைலயே தெற்கே பார்த்து நடக்கறீங்க. அங்க கிழக்குதான் கம்மி. வெயில் அடிக்கற பக்கம்.

அண்ணி: நம்மகூட எண்ணற நெட்டையனோட நோட்டைப் பார்த்தியா? அவன் நடக்கற சத்தத்துக்கே பாதி மான் ஓடிடும். அங்க என்ன லட்சணம்னு...

நாத்தனார்: பார்த்தேன். ரெண்டு பக்கமும் கிட்டத்தட்ட ஒண்ணாத்தான் இருக்கு.

அண்ணி: அப்ப அவன் எண்ணினதுதான் தப்பு.

நாத்தனார்: அண்ணி, மேற்கு கிழக்கை விடுங்க. நீங்க எந்தத் திசையில நடந்தாலும் சரி, உங்க வலது கைப்பக்கம் எண்பத்தெட்டு மான். இடது கைப்பக்கம் இருபத்துநாலு. நீங்க திரும்பும்போது காடும் சேர்ந்து திரும்புதா?

அண்ணி: அந்த ஜன்னலைச் சாத்து முதல்ல. பேப்பரெல்லாம் பறக்குது.

நாத்தனார்: எந்தக் கண்ணு அண்ணி?

அண்ணி: கண்ணுக்கு என்ன...

நாத்தனார்: நேத்து சாப்பிடும்போது தண்ணி ஜாடியைத் தட்டி விட்டீங்க. போன வாரம் கதவு நிலையில தோளை இடிச்சுக்கிட்டீங்க. ரெண்டும் இடப்பக்கம்.

அண்ணி: நீ மானை எண்ணறியா, என்னை எண்ணறியா?

நாத்தனார்: ரெண்டு பேரும் ஒரே நோட்டுலதானே இருக்கீங்க.

அண்ணி: இடது கண்ணு. நேரே இருக்கறது தெரியும். ஓரம் தெரியாது... பாதி சாத்தின கதவு மாதிரி.

நாத்தனார்: எத்தனை நாளா?

அண்ணி: மழைக்கு முன்னாடியிலிருந்து. டாக்டரைப் பார்த்தேன். சொட்டு மருந்து குடுத்தார். மிச்சம் இருக்கறதைக் காப்பாத்தலாம், போன பார்வை வராதுன்னுட்டார்.

நாத்தனார்: தனியாவா போனீங்க?

அண்ணி: கூட்டம் சேர்த்துக்கிட்டுப் போக அது என்ன கல்யாணமா?

நாத்தனார்: அண்ணன்கிட்டயாவது...

அண்ணி: மூச்சு விடாதே. உங்க அண்ணனுக்குத் தெரிஞ்சா அன்னியோட சரி. ஆபீஸ் ஜீப்பை ஓட்டறவரே அவர்தானே, சாவியைப் பாக்கெட்டுல போட்டுக்கிட்டு, இனிமே உனக்குக் காடு கிடையாதுன்னு உக்காந்துடுவார்.

நாத்தனார்: அதுக்காக மானை விட்டுட்டு எண்ணலாமா?

அண்ணி: வேணும்னேவா விட்டேன்? தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துட்டுத்தான் நடந்தேன். சரியா வருதுன்னுதான் நெனச்சேன். இருபத்துநாலுதானா... மிச்ச மானெல்லாம் என் பக்கத்துல நின்னு என்னைப் பார்த்துட்டு இருந்திருக்கு. எனக்குத் தெரியலை.

நாத்தனார்: அழாதீங்க.

அண்ணி: அழலை. கண் சொட்டு. சொல்லு, இப்ப எவ்வளவு வருது?

நாத்தனார்: ரெண்டு பக்கமும் சேர்த்தா சதுர கிலோமீட்டருக்கு ஏழு மான்.

அண்ணி: பத்துக்குக் கீழ.

நாத்தனார்: பத்துக்குக் கீழ போனா நீங்க எண்ணின மேட்டுக்காட்டுக்கு நடுவுல ரோடு. அஞ்சு மணிக்குள்ள ரோடு கமிட்டிக்கு நம்ம மெயில் போகணும், இல்லேன்னா நம்ம கணக்கே இல்லாம முடிவு பண்ணிடுவாங்க.

அண்ணி: நெட்டையன் எண்ணினதைப் போட்டா?

நாத்தனார்: அவர் நடந்தது ஆத்தோரம். அந்தக் காட்டு மானை இந்தக் காட்டுல எப்படிக் காட்டறது?

அண்ணி: ரெண்டு வாரம் கேளு. நெட்டையனை மேட்டுக்காட்டுல நடக்கச் சொல்றேன்.

நாத்தனார்: காலையிலிருந்து மூணு தடவை கேட்டாச்சு. முடியாதுன்னுட்டாங்க.

அண்ணி: அப்ப... வலப்பக்கம் மட்டும் எடுத்தா? எண்ணின இடத்தையும் பாதியாக்கிடு, மானையும் பாதிப் பக்கம் எடு. அது தப்பில்லையே?

நாத்தனார்: தப்பில்ல. போட்டும் பார்த்தேன். பதினொண்ணு வருது.

அண்ணி: அப்புறம் என்ன, அனுப்பு.

நாத்தனார்: இடப்பக்கத்தை ஏன் தள்ளினேன்னு முதல் கேள்வியே வரும். மான் அதிகமா இருக்கற பக்கமாப் பார்த்துப் பொறுக்கினீங்களான்னு கேப்பாங்க.

அண்ணி: கேப்பாங்கதான். காரணத்தை எழுது.

நாத்தனார்: எழுதினா நாளையிலிருந்து நீங்க நடக்க முடியாது அண்ணி. பதினாலு வருஷ வேலை.

அண்ணி: அது எனக்குத் தெரியாதா?

நாத்தனார்: நோட்டு மழையில நனைஞ்சு இடப்பக்கக் கணக்கு அழிஞ்சு போச்சுன்னு எழுதிடறேன். யாரு வந்து பார்க்கப் போறா?

அண்ணி: ரோடு போடறவனோட வக்கீல் பார்ப்பான். அவனுக்கு வேற என்ன வேலை? ஒரு பொய் மாட்டினா மிச்ச எண்ணெல்லாம் பொய்யின்னு ஆயிடும். நான் பார்த்த மானும் இல்லாமப் போயிடும்.

நாத்தனார்: ஆனா...

அண்ணி: ஆனாவும் இல்ல, ஆவன்னாவும் இல்ல. நான் சொல்றதை அடி. மேட்டுக்காட்டில் நடந்து எண்ணியவருக்கு இடது கண்ணில் ஓரப் பார்வை குறைவு... அடிச்சியா? ஆகவே இடப்பக்கக் கணக்கு முழுவதும் நீக்கப்பட்டது.

நாத்தனார்: "எண்ணியவர்"னு மட்டும் போதுமா?

அண்ணி: பேரையும் போடு. இந்தா, டாக்டர் சீட்டு. பை அடியில கசங்கிக் கிடந்துச்சு, நீவிட்டுப் படம் எடு. என்ன... பேச்சைக் காணோம்?

நாத்தனார்: ஒண்ணுமில்ல... சொல்லுங்க.

அண்ணி: வீட்ல நான் சொல்லிக்கறேன். நீ முந்திரிக்கொட்டை மாதிரி முந்திக்காதே. எனக்குக் கண்ணு போறது கூடப் பயமில்லடி. அந்த மனுஷன் இனிமே ஒவ்வொரு படிக்கும் கையைப் பிடிக்க ஓடி வருவார். அதை நெனச்சாத்தான் பயமா இருக்கு.

நாத்தனார்: பிடிச்சாத்தான் என்ன?

அண்ணி: நான் யாரு கையையும் பிடிக்காம காட்டைச் சுத்தினவ. எங்க கையெழுத்து போடணும்?

நாத்தனார்: இங்க... கடைசி வரிக்குக் கீழ.

அண்ணி: போயிடுச்சா?

நாத்தனார்: போயிடுச்சு. நாலு அம்பது.

அண்ணி: நல்லது. இனிமே யாரு என்ன கேட்டாலும் நான் பதில் சொல்றேன். எழுந்திரு, போலாம்.

நாத்தனார்: அண்ணி... கொஞ்சம் இடப்பக்கம் திரும்புங்க.

அண்ணி: எதுக்கு... நீங்க எப்ப வந்தீங்க?

அண்ணன்: நீ பையிலிருந்து சீட்டை எடுக்கும்போது.

அண்ணி: இவ்வளவு நேரம் பார்த்துக்கிட்டே இருந்தியாடி நீ?

நாத்தனார்: வாய் மேல விரலை வச்சுக் காட்டினார் அண்ணி. நான் என்ன பண்ண?

அண்ணி: மெயில் போறதுக்கு முன்னாடி என்னை நிறுத்தியிருக்கலாமே.

அண்ணன்: சரியாத்தானே எழுதின. எதுக்கு நிறுத்தணும்?

அண்ணி: கோவமா?

அண்ணன்: உனக்கு மான் தப்பிப் போகுதுங்கறது இப்பத்தான் எனக்குத் தெரியும்.

அண்ணி: மானா... அப்ப கண்ணு?

அண்ணன்: அது முன்னாடியே தெரியும். கேட்டா இல்லேன்னுதான் சொல்லுவ. உனக்குப் பொய் சொல்ல வராது, எதுக்குப் போட்டுக் கஷ்டப்படுத்தணும்னு... அஞ்சு மாசமா ஜீப்பை உனக்கு வலப்பக்கமாவே கொண்டாந்து நிறுத்திட்டு இருக்கேன்.