மொக்கம்மாள் துடைத்த பியானோ

மாலை ஆறே முக்கால் மணி. போடிமெட்டிலிருந்து போடிக்கு இறங்கும் மலைச்சாலை. ஐப்பசி மாத மூடுபனி... ஜீப்பின் விளக்கொளி பத்தடிக்கு அப்பால் செல்லவில்லை. ஆண்டு 1986. என்னோடு பணிபுரிந்த வீரணனின் தங்கைக்கு நேர்ந்தது இது. கதவைச் சாத்திவிட்டு நெருங்கி அமருங்கள்.

அவள் பெயர் ராமுத்தாய். சிலமலையில் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுப்பவள். மலைமேல் ஓர் ஏலத்தோட்டத்துப் பங்களாவை இடிக்கவிருந்தார்கள். அங்கிருந்த பியானோவை அன்று மாலைக்குள் எவரும் கொண்டு செல்லாவிடில், அது ஏலக்காய் உலர்த்தும் அடுப்புக்கு விறகாகிவிடும். ராமுத்தாய் ஒருத்தியே அதைத் தனக்கு வேண்டுமென்று கேட்டாள்.

மற்றவர்கள் அஞ்சியதற்குக் காரணம் உண்டு. பங்களாக்கார அம்மாள் உயிரோடிருந்தபோது, மொக்கம்மாள் என்னும் வேலைக்காரி அந்தப் பியானோவின் கட்டைகளை நாள்தோறும் ஈரத்துணியால் துடைப்பாள். ஓர் ஓசையும் எழக்கூடாது. எழுந்தால் அடுத்த அறையிலிருந்து அந்த அம்மாள் வந்துவிடுவார். இருபது ஆண்டுகள் ஓசையின்றியே துடைத்தாள். ஒரே மழைக்காலத்தில் இருவரும் இறந்தனர். அதன்பின் அந்திதோறும் பியானோ தானாக ஒலித்தது. அந்த அம்மாளே வாசிக்கிறார் என்று எண்ணிய தோட்டத்து மக்கள் மூடியைக் கயிற்றால் இறுகக் கட்டிவிட்டனர்.

ஆறு பேர் அதைத் தூக்கி ஜீப்பின் பின்புறம் ஏற்றும்போதே வீரணன் முணுமுணுத்தார்.

"மதுரையில கீபோர்டு பாத்து வச்சிருக்கேன் தாயி. கக்கத்துல இடுக்கிட்டு வந்துரலாம். பொணத்தத் தூக்குற மாதிரி இது என்னத்துக்கு?"

"கரண்டு போனா ஒங்க கீபோர்டு ஊமைண்ணே. இதுக்கு எவன் தயவும் வேணாம்."

ஒன்பதாம் வளைவு. பனியின் நடுவே... டொம்.

ஓட்டுநர் கன்னையன் வண்டியை நிறுத்தினான். கட்டிய மூடிக்குள்ளிருந்து ஒலி வந்தது. டொம்... டொம்... தம்... பிறகு சற்று மெல்லிய ணங்... ஒன்றன்பின் ஒன்றாக, ஒன்றும் விடுபடாமல்.

"உருட்டி விட்ருவோம் சார். பள்ளத்துல கெடக்கட்டும்" என்றான் கன்னையன்.

வீரணன் தங்கையின் கையைப் பிடித்து இழுத்தார். "எறங்கு தாயி. நாளைக்கே கீபோர்டு வாங்கித் தர்றேன். சத்தியமா."

ராமுத்தாய் இறங்கவில்லை. காதைப் பியானோவின் மூடியில் வைத்துக் கேட்டாள்.

"அந்தம்மா வாசிக்கிறதில்லண்ணே இது. இந்த ஓரத்துல இருந்து அந்த ஓரம் வரைக்கும் வரிசையா எவ வாசிப்பா? யாரோ தொடைக்கிறாக."

கன்னையன் மெல்லச் சொன்னான். "மொக்கம்மா..."

ராமுத்தாய் கயிற்றை அவிழ்த்தாள். மூடியைத் திறந்தாள். ஊறிய துணியின் புளித்த நாற்றம்... கட்டைகள் ஒவ்வொன்றாகத் தாழ்ந்து எழுந்தன. தாழ்ந்த கட்டைதோறும் ஓர் ஈரக்கோடு. எவரும் இல்லை.

"ஆத்தா, தொடைச்சது போதும். அந்தம்மா போய்ச் சேந்துட்டாக. நல்லா அமுக்கி வாசி. எவ வந்து கேக்குறானு நாம்பாத்துக்கிறேன்."

ஒலி நின்றது. பனி நீர் இலைகளில் சொட்டியது... நெடுநேரம்.

பிறகு, இடக்கோடியில் ஐந்து கட்டைகள் ஒருசேர அறையப்பட்டன. ஜீப்பே அதிர்ந்தது. கன்னையன் குதித்து ஓடினான். ராமுத்தாய் உரக்கச் சிரித்தாள்.

பியானோ சிலமலை வந்து சேர்ந்தது. கீபோர்டைப் பற்றி வீரணன் பிறகு வாயே திறக்கவில்லை. போன வாரம் அவரைக் கண்டபோது, தங்கை நன்றாக வாசிக்கிறாளா என்று கேட்டேன்.



"பியானோவுக்கு முன்னால போட்ட பலகையில வலப்பக்கம் பாதியிலதான் ஒக்காருறா சார். எடது கைய மடியில வச்சிக்கிறா. ஆனா... பாட்டு ரெண்டு கையிலயும் வாசிச்ச மாதிரி முழுசாத்தான் கேக்குது."