வேலை பார்க்கிற டைரக்டர்

தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற பஸ். வெளியே சாரல். முன் சீட்டில் இருந்தவர்கள் ஒரு லாட்ஜ் முதலாளியும் அவருடைய ஆடிட்டரும் என்று பேச்சிலேயே தெரிந்தது.

"டைரக்டர் சம்பளம்னு நீங்க எடுத்தா கம்பெனிக்கு வரி குறையும், அண்ணாச்சி. அதுக்காக, செத்துப்போன தம்பிக்குமா போடுவீங்க?"

"வேலை பாத்தா போடலாம்னு நீங்கதான சொன்னீங்க?"

"பாக்கணும்லா?"

"பாக்கான். விடியக்காலம் மோட்டார் போட்டுத் தொட்டிய நெறைக்கது அவன் வேலை. இப்பவும் நெறஞ்சுதான் கெடக்கு."

"வேற யாராவது போட்டிருப்பாங்க."

"நானும் அப்படி நெனச்சுத்தான் போன மாசம் சம்பளத்த நிறுத்தினேன். மறுநாளே தொட்டி காஞ்சு போச்சு."

ஆடிட்டர் ஜன்னல் ஷட்டரை இறக்கிவிட்டார்.

"இந்த மாசம் போட்டாச்சா?"

"போட்டேன். பத்தலைங்கான். அதுக்குத்தான் உங்களக் கூட்டிட்டுப் போறேன். வரிக்கணக்க நீங்களே அவன்ட்ட எடுத்துச் சொல்லுங்க."